நேசமணி என்பவர் யார்? சுத்தியல் விழுந்த செய்தியின் உண்மை

கான்ட்ராக்டர் நேசமணி என்பவர் தலையில் சுத்தியல் விழுந்து கவலைக்கிடமாக இருக்கிறார், அவருக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற செய்தி உண்மையல்ல. அப்படி ஒருவர் எந்த மருத்துவமனையிலும் சேர்க்கப்படவில்லை. நேசமணி, 2001-இல் சித்திக் இயக்கத்தில் வெளிவந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பெயின்டிங் கான்ட்ராக்டர் பாத்திரம்.

பழைய அரண்மனை ஒன்றுக்கு வர்ணம் பூசும் வேலையில், மேலே நிற்கும் அவருடைய வேலையாள் கிருஷ்ணமூர்த்தியின் கையிலிருந்து நழுவும் சுத்தியல் நேசமணியின் தலையில் விழும். 2019 மே மாத இறுதியில், பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்க, தமிழர் ஒருவர் 'சுத்தியல்' என்று சொல்லி, தட்டினால் 'டங் டங்' என ஓசை வரும் என்றும், ஜமீன் மாளிகையில் நேசமணியின் தலை உடைந்தது இதனால்தான் என்றும் பதில் எழுதினார். நேசமணியின் நலம் எப்படி என்று இன்னொருவர் விசாரிக்க, விளையாட்டு வளர்ந்து ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. படம் பார்க்காத வெளிமாநிலத்தவர் பலர் அதை மெய்யான விபத்தாகவே எடுத்துக்கொண்டனர்.

வடிவேலுவே அடிபட்டார் என்று அதைத் திரித்துச் சொல்வதும் தவறு. அடிபட்டது பாத்திரம்தான், நடிகர் அல்ல. பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் ஒரு பாத்திரத்தை உயிருள்ள மனிதராக நம்பவைத்தது அவருடைய நடிப்பின் வலிமை என்றே நான் கருதுகிறேன். 1999-இல் வந்த மலையாள மூலப் படத்தில் இதே வேடத்தை ஏற்றவர் ஜெகதி ஸ்ரீகுமார்.