கரண்ட் போனா கதவு திறக்குமா, பூட்டிக்குமா?

23 நிமிஷம். மே மாசம், மத்தியானம் மூணு மணி, தகர ஷீட் போட்ட பேக்கிங் ஹால், ஒன்பது பேர் உள்ள. கரண்ட் போச்சு, ஃபேன் நின்னுச்சு, கதவு திறக்கல. பக்கத்துல "எக்ஸிட்"னு போட்ட பட்டன் ஒண்ணு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. எத்தனை குத்து குத்தினேன்னு கணக்கே இல்ல. லாக்கை இயக்குற கன்ட்ரோலர் பெட்டியே செத்துக் கிடக்கும்போது பட்டன் யார்கிட்டப் போய்ச் சொல்லும்? "அண்ணா, மூச்சு முட்டுதுண்ணா"ன்னு பேஸ்டிங் டேபிள் பொண்ணு அழ ஆரம்பிச்சிடுச்சு. கடைசில வாட்ச்மேன் தாத்தா ஜன்னல் கம்பி வழியா ஸ்க்ரூடிரைவர் நீட்ட, செல்போன் டார்ச்சுல லாக்கோட மூடியைக் கழட்டி, போல்ட்டை நெம்பித் தள்ளி வெளிய வந்தோம்.

திருவொற்றியூர்ல அட்டைப்பெட்டி யூனிட் எங்களுது. மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. அதனால திட்டும் எனக்குத்தான்.

முன்னாடி அந்தக் கதவுல மேக்னட் லாக்தான் இருந்தது. கரண்ட் இருக்குற வரைக்கும் பிடிக்கும், போனா விட்டுடும். அது பாட்டுக்கு நல்லாத்தான் ஓடிச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க தெருவுல ரெண்டு நாள் கரண்ட் இல்ல. அந்த லாக் இழுக்குறது அரை ஆம்பியர், கரண்ட் போனா தாங்க உள்ள இருக்குறது 7 ஏஹெச் பேட்டரி, அதாவது ஒரு ஆம்பியர் இழுத்தா ஏழு மணி நேரம். புதுசா இருந்தாலே கணக்குப்படி 14 மணி நேரம்தான். எங்களது வயித்தைத் தள்ளிக்கிட்டு உப்பிப்போன கிழட்டு பேட்டரி. கதவு தானா திறந்துக்கிச்சு. எதுவும் காணாமப் போகல. ஆனா முதலாளிக்குத் தூக்கம் போச்சு. "கரண்ட் போனாலும் திறக்காத லாக் போடுப்பா"ன்னாரு.

போட்டாங்க! நான் ஊருக்குப் போயிருந்த மூணு நாள்ல போட்டாங்க. கரண்ட் போனா பூட்டிக்கிற டிராப் போல்ட்டு, அதாவது இரும்புத் தண்டு நீண்டு வந்து கதவைப் பிடிக்கிற லாக். உள்பக்கம் கைப்பிடி கிடையாது, சாவித் துவாரமும் கிடையாது. அதே கிழட்டு பேட்டரியை நம்பி. லாக் மாட்டின கடைக்காரனுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டா அலட்டிக்காம சொல்றான்: "சார், நீங்க கேட்ட மாடல்தானே அது?" எரிச்சல் என்னன்னா, அவன் சொன்னது உண்மை. ஆர்டர் ஃபாரத்துல எங்க ஆபீஸ் பையன் டிக் அடிச்சிருக்கான்.

ஏம்ப்பா, ரேட்டு கேக்குறீங்க, வாரன்டி கேக்குறீங்க. கரண்ட் போனா இந்தக் கதவு என்ன பண்ணும்னு ஒருத்தன் கேக்க மாட்டீங்களா? வெளிய இருந்து வர்றவனைத் தடுக்கணுமா, தடுத்துக்கோ. அதுக்குன்னே உள்பக்கம் கைப்பிடி வச்ச லாக் இருக்கு. வெளிய பூட்டியிருந்தாலும் உள்ள இருக்குறவன் பிடியை அமுக்கினா திறந்துக்கும், அதுக்குக் கரண்டே வேணாம். மேக்னட்டே போதும்னா ராத்திரிக்கு ஷட்டரை இறக்கித் திண்டுக்கல் பூட்டைப் போடு. ஆள் உள்ள இருக்கும்போது வெளிய போற கதவு உள்ளயிருந்து சட்டுனு திறக்கணும்னு 1948-ல வந்த தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதி வச்சாங்க. 1911-ல நியூயார்க்ல ஒரு தையல் ஃபேக்டரி எரிஞ்சப்போ 146 பேர் செத்தாங்க. அங்க கதவைப் பூட்டி வச்சதுக்கும் காரணம் திருட்டு பயம்தான். எங்க யூனிட்ல மூணு வருஷத்துல திருடு போனது பெட்டி கட்டுற பட்டை, ரெண்டு ஸ்ட்ராப்பிங் ரோல்.

ஆபத்துல கதவைத் திறக்கன்னு பக்கத்துல மாட்டுற பச்சை எமர்ஜென்சி டப்பா கதை வேற. கண்ணாடியை அமுக்கினா லாக்குக்குப் போற ஒயரையே நேரா அறுத்துவிடணும். அதுக்குத்தான் அந்த டப்பா. ஆபீஸ் கதவுல மேக்னட்தான் இன்னும் இருக்கு, அங்க கழட்டிப் பார்த்தா ரெண்டு ஒயரும் கன்ட்ரோலருக்குப் போகுது. அதாவது தீப்பிடிச்சா, கன்ட்ரோலர்கிட்ட மனு குடுத்துட்டு வெயிட் பண்ணணும்.

அந்த மேக்னட்டுலயும் ஒரு கூத்து. 280 கிலோ பிடிக்கும்னு ஸ்டிக்கர். தோளால ஒரு இடி இடிச்சா திறக்குது. பார்த்தா, மூடும்போது 'டக்'னு சத்தம் வருதுன்னு யாரோ இரும்புத் தட்டு மேல செலோடேப் ஒட்டியிருக்காங்க. நாலு அடுக்கு! காந்தத்துக்கும் தட்டுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி விழுந்தாலே பிடி பாதாளத்துக்குப் போயிடும். டேப்பை உரிச்சா அடியில துரு. கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு, உப்புக் காத்து சும்மா விடுமா? தட்டுக்குப் பின்னாடி இருக்கவேண்டிய ரப்பர் வாஷரையும் காணோம், ஸ்க்ரூவை முறுக்கி இறுக்கி வச்சிருக்கான். தட்டு கொஞ்சம் ஆடினாத்தான் காந்தத்து மேல சமமா உக்காரும்னு தெரியாதவன் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வர்றான்?

அட்டையை வடிவமா வெட்டுற டை கட்டிங் மெஷினைப் பத்திச் சொன்னா பிபி ஏறுது. கை உள்ள போகாம மறைக்கிற தடுப்பு, அதான் கார்டு, அதைத் திறந்தா மெஷின் நிக்கணும். அதுக்கு மாட்டினது திருட்டு அலாரத்துக்குக் கதவுல ஒட்டுற சாதா காந்த சுவிட்சு, ரிச்சி ஸ்ட்ரீட் சரக்கு. ஆபரேட்டர் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பக்கத்துல ஒட்டிட்டான்; கார்டு திறந்தே கிடக்கு, மெஷின் ஓடுது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அட்டை சிக்குது, டார்கெட் மட்டும் குறையல. எந்தக் காந்தத்தை வச்சாலும் ஏமாறாத கோடட் சுவிட்சு வாங்கித் தரச் சொல்லி எழுதிக் குடுத்து எட்டு மாசம் ஆச்சு. காசு இல்லையாம்.

இன்னிக்குக் காலைல அதே கடைக்காரன்கிட்டயிருந்து வாட்ஸ்அப்ல புது கொட்டேஷன். பேட்டரி பத்தி ஒரு வரி கிடையாது, உள்பக்கக் கைப்பிடி பத்திப் பேச்சே இல்ல. "சார், புது ஃபேஸ் மெஷின், 3000 முகம் ஏத்தலாம்"னு போட்டு மூணு கைகூப்பு. நாங்க மொத்தம் 41 பேரு. முதலாளி அதுக்குக் கட்டைவிரல் போட்டிருக்காரு.