டியேகோ கார்சியாவில் மக்கள் இருந்தார்கள்

வெள்ளிக்கிழமை நடந்த வினாடி வினாவைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. நிரந்தரக் குடிமக்களே இல்லாத பிரித்தானியத் தீவு எது என்று கேட்டார்கள். இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியேகோ கார்சியா என்று ஒரு மாணவி சொன்னதும் கைதட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அங்கே மக்கள் இருந்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னந்தோட்ட வேலைக்காக பிரெஞ்சுக்காரர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் சந்ததியினரும், பின்னர் இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளர்களின் சந்ததியினரும், கிரியோல் மொழி பேசி, கொப்பரை உலர்த்தி, தலைமுறை தலைமுறையாகச் சாகோஸ் தீவுகளில் வாழ்ந்தார்கள். 1965 நவம்பரில் பிரித்தானியா இத்தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்தெடுத்தது. டியேகோ கார்சியாவில் அமெரிக்க இராணுவத் தளம் அமைப்பதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கிருந்த 1,500 முதல் 2,000 வரையிலான மக்கள் அகற்றப்பட்டார்கள். மருத்துவத்துக்காக மொரீசியஸ் சென்றவர்களுக்குத் திரும்பிவர வழியில்லை என்று சொல்லப்பட்டது. 1971இல் அவர்களுடைய நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்து வாகனப் புகையால் கொன்றார்கள். அங்கே நிரந்தரக் குடிகளே இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபைக்குக் காட்டுவதற்காக அன்று அதிகாரிகள் புனைந்த பொய்யைத்தான், வெள்ளிக்கிழமை நம் பிள்ளைகளுக்குப் பொது அறிவாகக் கற்பித்திருக்கிறோம்.

இன்று அங்கே குடிமக்கள் இல்லை என்பது உண்மைதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அம்மா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவர். 1990இல் போரால் அங்கிருந்து இடம்பெயர்ந்தவர். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஆளில்லாத பற்றைக்காடு என்ற குறிப்போடு அந்தக் கரையின் படம் ஒன்றை யாரோ பகிர்ந்திருந்தார்கள். அதைப் பார்த்த அம்மா, "நாங்கள் இருந்தனாங்கள் எண்டு எழுத மாட்டினமோ?" என்று கேட்டார். அந்தக் குறிப்பிலும் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அம்மா அன்று சாப்பிடவில்லை.

மக்கள் இல்லாததால்தான் அங்கே பவளப்பாறைகள் தப்பின என்று இன்னொருவர் எழுதியிருந்தார். 2010இல் பிரித்தானியா அறிவித்த கடல் பாதுகாப்பு வலயம் சட்டத்துக்கு முரணானது என்று 2015இல் நடுவர் தீர்ப்பாயம் சொன்னதை அவர் படிக்கட்டும்.

எல்லாவற்றிலும் அரசியலா என்கிறார்கள். 2021 அக்டோபரில் படகு பழுதாகி அந்தத் தீவில் கரையேறிய ஈழத்தமிழர்களை, குழந்தைகளையும் சேர்த்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலியிட்ட முகாமில் வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதத் தடுப்புக்காவல் என்று 2024 டிசம்பரில் அந்தத் தீவுகள் அடங்கிய பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நம் பிள்ளைகளே அடைபட்டுக் கிடந்த மண்ணைப் பற்றித் தமிழில் கேள்வி எழுதுபவருக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா?

கேள்வியை நீக்கச் சொல்லவில்லை. அந்த மக்கள் எங்கே போனார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2025 மே மாதத்தில் பிரித்தானியாவும் மொரீசியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில்கூட, மற்றத் தீவுகளில் மீள்குடியேற வழி விட்டிருக்கிறார்கள். டியேகோ கார்சியாவில் மட்டும் இல்லை.