வாங்கிய ஆளை எப்போது ஆட வைப்பீர்கள்?

காரைக்குடியில் இங்கிலாந்துக் கால்பந்து லீக் பார்க்கும் எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒவ்வொரு கோடையிலும் ஒரே சண்டைதான். ஆட்டக்காரர்களை வாங்க எந்தக் கிளப் எத்தனை கோடி கொட்டியது என்று. ஆர்சனல்காரர் லிவர்பூலின் பட்டியலை எடுத்துப் போடுவார். லிவர்பூல்காரர் செல்சியைக் காட்டுவார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து மான்செஸ்டர் சிட்டியின் மேல் பாய்வார்கள். 2025 கோடையில் லிவர்பூல் மட்டும் 40 கோடி பவுண்டுக்கு மேல் இறக்கியபோது இந்தச் சண்டை எல்லை கடந்துவிட்டது. பங்காளிகள் இரண்டு பேர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்தக் கூட்டல் கணக்கில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. பதினோராவது ஆள் வரைக்கும் எல்லாப் பெரிய கிளப்பும் நன்றாகத்தான் வாங்குகிறது. பதினைந்தாவது, பதினெட்டாவது ஆளை வாங்கினார்களா, வாங்கிய பிறகு அவரை ஆட வைத்தார்களா என்பதில்தான் சீசன் முடியும் மே மாதத்தின் கோப்பை இருக்கிறது. ஆள் வாங்குவது நிர்வாகத்தின் வேலை, ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்களை மாற்றி அணியைச் சுழற்றுவது பயிற்சியாளரின் வேலை என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிறோமே, அந்தப் பிரிவினையே தவறு. இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

லிவர்பூலையே எடுத்துக்கொள்வோம். 2018 ஜனவரியில் கூட்டின்யோவை பார்சலோனாவுக்கு விற்றார்கள். அதே மாதம் 7.5 கோடி பவுண்டுக்குத் தடுப்பாட்டக்காரர் வான் டைக் வந்தார், கோடையில் கோல் காப்பாளர் அலிசன் வந்தார். 2019இல் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, 2020இல் 99 புள்ளிகளோடு லீக் பட்டம். விற்ற பணத்தை எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே போட்டார்கள், பலன் கிடைத்தது. இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. அடுத்து நடந்ததை நம் லிவர்பூல் நண்பர்கள் பேசவே மாட்டார்கள்.

2020 கோடையில் மையத் தடுப்பாட்டக்காரர் லவ்ரனை விற்றுவிட்டு, அவர் இடத்துக்கு ஒருவரையும் வாங்காமல் சீசனைத் தொடங்கினார்கள். அக்டோபரில் எவர்ட்டன் ஆட்டத்தில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் ஜோ கோமஸ். ஜனவரி முடிவதற்குள் மட்டிப். நடுக்களத்தின் தூண்களான ஃபாபினியோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இரண்டு ஓட்டை. சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து 68 லீக் ஆட்டங்கள் தோற்காமல் இருந்த அணி, அதே மண்ணில் தொடர்ந்து 6 லீக் ஆட்டங்கள் தோற்றது. ஆள் வாங்கும் ஜனவரிச் சந்தையின் கடைசி நாளில் ஓடிப்போய் ஷால்கே கிளப்பிலிருந்து கபாக்கைக் கடனாகவும், பிரெஸ்டனிலிருந்து பென் டேவிஸை விலைக்கும் எடுத்தார்கள். பென் டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டியில்கூட இறங்கவில்லை.

அந்த சீசனை மீட்டது யார்? நாட் ஃபிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ் என்ற இரண்டு பேர். அதற்கு முன் யாரும் பொருட்படுத்தாத இளைஞர்கள். அவர்கள் பின்னால் நின்று பழகிய பிறகு ஃபாபினியோ நடுக்களத்துக்குத் திரும்பினார், அணி கடைசி 5 ஆட்டங்களையும் வென்று மூன்றாம் இடம் பிடித்தது. இதே பையன்களுக்கு முந்தைய சீசனில், பட்டம் உறுதியான பிறகாவது, சில ஆட்டம் கொடுத்திருந்தால் அந்தக் குளிர்காலம் அவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இத்தனையும் பட்டு ஐந்து ஆண்டு கழித்து என்ன செய்தார்கள்? 12.5 கோடிக்கு ஈசாக், பிரிட்டனில் அதுவரை இல்லாத தொகை. 10 கோடிக்கு மேல் விர்ட்ஸ். எகிடிகே. எல்லாம் கோல் அடிக்கும் பக்கம். கிரிஸ்டல் பேலஸின் தடுப்பாட்டக்காரர் கெஹியை வாங்கும் பேச்சு மட்டும் கடைசி நாளில் முறிந்தது. எதிர்காலத்துக்கென்று வாங்கிய இளைஞர் லியோனி தன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு சீசனை இழந்தார். வான் டைக்கும் கொனாட்டேயும் மூச்சு வாங்க ஓடினார்கள். முதல் ஐந்து லீக் ஆட்டங்களை வென்ற அணி, அடுத்த நான்கையும் தோற்றது. அக்டோபரில் லீக் கோப்பை ஆட்டத்தில் அதே பேலஸுக்கு எதிராக 10 பேரை மாற்றி, இளம் முகங்கள் பலரை இறக்கி 0-3 என்று தோற்றார்கள். அதைச் சுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூத்தவர்களைக் காப்பாற்றச் சிறுவர்களைப் பலி கொடுத்தார்கள். (லிவர்பூல் ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டாவின் மரணம் அந்த ஓய்வறையில் இறக்கிய துயரத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது.)

சிட்டியின் கதை இன்னும் அழுத்தமானது, ஏனென்றால் அவர்கள் வாங்கினார்கள். 2023-24 சீசனில் அவர்கள் லீக்கில் தோற்றது மூன்றே ஆட்டங்கள்: வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் நடுக்கள ஆட்டக்காரர் ரோட்ரி இல்லை. அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பயிற்சியாளர் கார்டியோலாவுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் 2022லேயே லீட்ஸிலிருந்து 4 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்துக் கால்வின் ஃபிலிப்ஸை வாங்கினார்கள். இங்கிலாந்து அணிக்காக ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை ஆடியவர். ஆனால் சிட்டியில் அவர் லீக் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடியது அரிதிலும் அரிது. பெஞ்சில் உட்கார்ந்தே உடம்பும் நம்பிக்கையும் தளர்ந்து, பிறகு கிளப் கிளப்பாகக் கடனுக்குப் போனார்.

நம் ஊரிலிருந்து ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போனவர்களின் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை இருந்ததை எங்கள் ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேலாள் மூன்று ஆண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறுவார். கடை ஒரு நாளும் தடுமாறாது. அடுத்தாள் அதற்குள் வசூலுக்குப் போய் வந்திருப்பார், பேரேடு எழுதியிருப்பார், எந்தக் கைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். கப்பல் புறப்படும் நாளில் ஆள் தேடிய கடை பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கால்வின் ஃபிலிப்ஸ் சிட்டியின் அடுத்தாள். அவர் கையில் பேரேட்டை ஒருவரும் கொடுக்கவில்லை.

2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிராக ரோட்ரியின் முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தக் கோடையில்தான் ஹூலியன் ஆல்வரெஸை அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு விற்று, அவருக்குப் பதில் ஆள் எடுக்காமல் விட்டிருந்தார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை 13 ஆட்டங்களில் ஒரே வெற்றி. தொடர்ந்து நான்கு முறை லீக் வென்ற அணி! ஜனவரிச் சந்தையில் மார்முஷ், குசானோவ், விட்டோர் ரெய்ஸ், நிகோ கொன்சாலெஸ் என்று நான்கு பேர். கோடையில் பொறுமையாகப் பேரம் பேசி வாங்கியிருக்க வேண்டியதை, பற்றி எரியும்போது கேட்ட விலைக்கு வாங்கினார்கள். 71 புள்ளி, மூன்றாம் இடம். சிறிய அணியை வைத்துக்கொள்ளத்தான் விருப்பம் என்று கார்டியோலா பல முறை சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் ஆட்டம் கொடுக்க முடியாதபோது மனம் உடைந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினம் என்பது அவர் வாதம். அந்த மனிதாபிமானத்தை மதிக்கிறேன். ஆனால் ஆண்டுக்கு அறுபது ஆட்டம் ஆடும் கிளப்புக்கு அந்தச் சொகுசு கிடையாது.

இதைச் சரியாகச் செய்தவர் என்று நான் கைகாட்டுவது பயிற்சியாளர் ஜிடானை. 2016-17 ரியல் மாட்ரிட். இஸ்கோ, ஹாமேஸ், மொராட்டா, அசென்சியோ என்று பெஞ்சில் ஒரு முழு அணியே இருந்தது. ஜிடான் அவர்களை அலங்காரத்துக்கு வைத்திருக்கவில்லை. ஏப்ரலில், பட்டப் போட்டி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது, லா கொருன்யாவுக்குப் போய் இரண்டாவது அணியையே இறக்கி 6-2 என்று வென்றார். கிறிஸ்டியானோ ரொனால்டோவை வெளியூர் ஆட்டங்களுக்கு அழைத்துப் போகாமல் வீட்டில் விட்டார். எந்த நட்சத்திரத்திடம் அதைச் சொல்ல முடியும்? சொல்லிச் சம்மதிக்க வைத்தார். 32 வயதான ரொனால்டோ அந்த வசந்தத்தில் பாயர்ன் மீது 5, அட்லெடிகோ மீது 3, கார்டிஃபில் நடந்த இறுதி ஆட்டத்தில் யுவென்டஸ் மீது 2 என்று 10 கோல் அடித்தார். லீக், சாம்பியன்ஸ் லீக் இரண்டும் வந்தன. ரொனால்டோவுக்குக் கொடுத்த ஓய்வு பாதிக் காரணம் என்றால், அந்த ஓய்வு நாட்களில் இஸ்கோவுக்குக் கிடைத்த ஆட்டங்கள் மறுபாதி. இறுதி ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே இறங்கியவர் அந்த இஸ்கோதான்.

செல்சியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 2022இல் புது முதலாளிகள் வந்த முதல் சீசனிலேயே 60 கோடி பவுண்டு அளவுக்கு ஆட்களை வாங்கி 12ஆம் இடத்தில் முடித்தார்கள். ஆளுக்கு எட்டரை ஆண்டு வரை ஒப்பந்தம். காரணம் கணக்குப் புத்தகம்: 10 கோடிக்கு வாங்கியவரை 5 ஆண்டுக்கு எழுதினால் ஆண்டுச் செலவு 2 கோடி, எட்டரை ஆண்டுக்கு எழுதினால் ஒன்றே கால் கோடிக்கும் கீழே. 2023இல் ஐரோப்பியக் கால்பந்து நிர்வாகமும், அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து லீக்கும் கணக்கில் ஐந்து ஆண்டுக்கு மேல் பரப்பக் கூடாது என்று கதவை மூடின. அந்தக் குவியலிலிருந்து பயிற்சியாளர் மரெஸ்கா 2024-25இல் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு வியாழக்கிழமை ஒரு அணி, வார இறுதி லீக்குக்கு வேறொரு அணி. லீக்கில் நான்காம் இடம், வ்ரோட்ஸ்வாவில் ரியல் பெட்டிஸை 4-1 என்று வென்று கோப்பை, ஜூலையில் பாரிஸ் அணியை 3-0 என்று தோற்கடித்து கிளப் உலகக் கோப்பை. வாங்கிய ஆளை ஆட வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. அதே சமயம் ஸ்டெர்லிங் போன்றவர்களைப் பிரதான அணியிலிருந்து விலக்கித் தனியாகப் பயிற்சி செய்ய வைத்ததை என்னால் ஏற்கவே முடியாது. சம்பளம் கொடுக்கிறோம் என்பது மனிதரை ஓரத்தில் நிறுத்த உரிமை ஆகாது.

இன்னொரு விஷயம் என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்று 2025-26 சீசன் வரை லீக் விதி வைத்திருந்தது நல்ல நோக்கத்தில்தான். ஆனால் வெளியிலிருந்து வாங்கியவரை விற்றால் கணக்கில் இன்னும் எழுதாமல் மிச்சமிருக்கும் விலையைக் கழிக்க வேண்டும், தன் அகாடமியில், அதாவது கிளப்பின் சிறுவர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையனை விற்றால் வருவதெல்லாம் லாபம். விளைவு? எட்டு வயதிலிருந்து அந்தச் சட்டையை அணிந்தவன் முதலில் விலை போகிறான். சிறு வயதிலேயே செல்சிக்கு வந்த கானர் கேலகர், ஒரு சீசன் பெரும்பாலும் கேப்டனாகவே ஆடிவிட்டு 2024இல் அட்லெடிகோவுக்குப் போனார். சிட்டி 2023இல் 4 கோடி பவுண்டுக்குக் கோல் பால்மரை விட்டது, அவர் அதே லீக் சீசனில் செல்சிக்காக 22 கோல் அடித்தார், கிளப் உலகக் கோப்பை இறுதியில் 2 அடித்தார். அணியின் முறையை ரத்தத்தில் வைத்திருக்கும், பெஞ்சில் காத்திருக்கச் சம்மதிக்கும் ஆள் இவர்கள்தான். நல்ல சுழற்சிக்கு முதல் மூலதனம் இவர்கள். கணக்கு விதியே அவர்களை வெளியே தள்ளுகிறது என்றால் அந்த விதியைத் திருத்த வேண்டும்.

லெஸ்டர் 2016இல் ஒரே பதினொருவரை வைத்துப் பட்டம் வெல்லவில்லையா என்று கேட்பீர்கள். வென்றது. ஐரோப்பிய ஆட்டம் ஒன்றுகூட இல்லாமல், வாரம் ஒரு முறை ஆடி வென்றது. அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கும் சேர்ந்தபோது 12ஆம் இடம்.

ஆர்சனல் நண்பர்களுக்கு 2023 மார்ச் நினைவிருக்கும். ஸ்போர்ட்டிங் ஆட்டத்தில் மையத் தடுப்பாட்டக்காரர் சாலிபாவின் முதுகு போனது, டோமியாசுவும் அதே இரவில் வெளியேறினார். அதுவரை எப்போதாவது எட்டிப் பார்த்த ராப் ஹோல்டிங், பட்டப் போட்டியின் உச்சத்தில் இறங்கினார். லிவர்பூல் 2-2, வெஸ்ட் ஹாம் 2-2, சவுத்தாம்ப்டன் 3-3, சிட்டியிடம் 1-4. 248 நாட்கள் முதலிடத்தில் இருந்த அணி இரண்டாவதாக முடித்தது. எல்லோரும் ஹோல்டிங்கைத் திட்டினார்கள். எனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஆட்டமே கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் சாலிபா ஆகச் சொன்னால் யாரால் முடியும்? 2025 கோடையில் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பேர் என்று பயிற்சியாளர் ஆர்டெட்டா வாங்கியதை நான் மனதார வரவேற்றது இதனால்தான்.

மாலையில் பையன்களோடு மைதானத்தில் நிற்கிறவன் என்பதால் இது எனக்கு வெறும் தொலைக்காட்சி விஷயம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோடையில் நடக்கும் எழுவர் போட்டிகளைப் பாருங்கள். பத்துப் பேரை அழைத்து வருவார்கள். காலையில் தொடங்கி இறுதி ஆட்டம் வரை அதே ஏழு பேர் வெயிலில் ஓடுவார்கள். மீதி மூவர் தண்ணீர்ப் பாட்டிலோடு கோட்டுக்கு வெளியே. கெண்டைக்கால் இழுத்து ஒருவன் விழுந்தால் மட்டும் பெஞ்சுப் பையனைத் தள்ளிவிடுவார்கள், அவன் தப்பு செய்தால் சுற்றி நிற்கும் அண்ணன்கள் எல்லோரும் கத்துவார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பையன் வருவதில்லை. திறமை இல்லாததால் போனான் என்று சொல்லிவிடுகிறோம்.

போட்டி நடத்தும் அண்ணன்மார்களிடம் என் கோரிக்கை இதுதான். முதல் சுற்றில், பதிவு செய்த ஒவ்வொரு ஆட்டக்காரரும் பாதி ஆட்டமாவது களத்தில் இருக்க வேண்டும் என்று விதிப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள். எந்த ஊர் முதலில் அதைச் சேர்க்கிறதோ, அந்த ஊர்ப் போட்டிக்கு என் பையன்கள் பத்துப் பேரையும் அழைத்து வருகிறேன்.