இடப்பக்கம் ஓடும் அமெரிக்கக் கார்

பழைய நுவார் படம்னா (குற்றமும் இருட்டுமான அந்தக் கறுப்பு-வெள்ளை ஹாலிவுட் படங்கள்) கீறலும் மங்கலும் இருந்தாத்தான் அழகு என்று ஒரு கோஷ்டி சொல்லிக்கொண்டே இருக்கிறது. நானும் அந்தக் கோஷ்டிதான். 'டீட்டூர்' ப்ளூ-ரே பார்த்த ராத்திரியோடு விலகிவிட்டேன்.

1945இல் எட்கர் உல்மர் எடுத்தது. 70 நிமிஷம்கூட ஓடாது. பிஆர்சி என்ற ஏழைக் கம்பெனியின் தயாரிப்பு. காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்றாகி, நகலுக்கு நகல் எடுத்து டிவிடி, யூட்யூப் என்று சீரழிந்த படம். நான் முதலில் பார்த்த பிரதியில், வீராவாக நடித்த ஆன் சாவேஜின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

2018இல் அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் 4கே-யில் மீட்டெடுத்தார்கள். பெல்ஜியக் காப்பகத்தில் இருந்த பிரதி நல்லது. ஆனால் படத்தின் மேலேயே பிரெஞ்சும் ஃப்ளெமிஷும் சப்டைட்டிலாகப் பதிந்திருந்தன. அதைக் கம்ப்யூட்டரில் அழித்திருக்கிறார்கள். மறு வருஷம் க்ரைட்டீரியன் என்ற டிஸ்க் கம்பெனியின் வெளியீடு. (ப்ளூ-ரேக்கு நாட்டுக்கு நாடு மண்டலப் பூட்டு உண்டு: அமெரிக்க டிஸ்க் ஏ மண்டலம், நம்ம ஊர் சி. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாவிட்டால் டீ டம்ளரை மூடத்தான் ஆகும்.)

இவ்வளவு துலக்கியதும் படத்தின் வறுமை இன்னும் பளிச்சென்று தெரிகிறது. நாயகனும் காதலியும் நடக்கும் நியூயார்க் தெருவில் தெருவே இல்லை, பெயர்ப்பலகையும் புகையும்தான். லிஃப்ட் கேட்டுப் போகும் காட்சிகள் சிலவற்றில் நெகட்டிவையே இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மேற்கே போகிறவன் திரையில் இடப்பக்கம் போகட்டும் என்பதற்காக என்பார்கள். விளைவு, அமெரிக்காவில் கார்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன, ஸ்டியரிங் வலப்பக்கம்! நமக்கு அதுதானே வழக்கம், முதல் தடவை எனக்கு உறைக்கவே இல்லை.

மீட்டெடுத்தவர்கள் நினைத்திருந்தால் அதையும் நிமிஷத்தில் திருப்பியிருக்கலாம். தொடவில்லை. பிரதிகளில் ஏறிய அழுக்கைத்தான் கழுவினார்கள், உல்மரின் கோல்மாலை விட்டுவைத்தார்கள். இந்த வித்தியாசம் புரியாமல் "ஒரிஜினல் ஃபீல் போச்சு" என்று புலம்புகிறவர்களிடம் ஒரு காட்சியை மட்டும் போட்டுக் காட்டுவேன்.

(1945 படம், கதையைச் சொல்லிட்டேன்னு சண்டைக்கு வராதீங்க.) பூட்டிய கதவுக்கு வெளியே நின்று நாயகன் டெலிபோன் வயரை இழுக்கிறான். உள்ளே அது கழுத்தில் சுற்றியிருந்த வீரா (காதலி இல்லை, வழியில் வந்து ஒட்டிக்கொண்டவள்) செத்துப்போகிறாள். அவன் கண்ணாகவே கேமரா அறையைச் சுற்றிவருகிறது. பொருள்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து, மங்கி, மறுபடி தெளிகின்றன. என் பழைய பிரதியில் எல்லாமே மங்கல். இப்படி ஒரு காரியம் நடக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போயிருந்தது.