கபில்தேவின் 175: அந்தச் சாதனை 2010 வரை நிற்கவில்லை

'1983-ல் கபில்தேவ் அடித்த 175 ரன்தான் உலக சாதனை. 2010-ல் சச்சின் 200 அடிக்கும்வரை யாரும் தொடவில்லை' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஒருநாள் போட்டியில் ஒருவர் ஒரே ஆட்டத்தில் அடித்த அதிகபட்ச ரன் பற்றிய பேச்சு இது. பாதி சரி, பாதி தப்பு.

1983 ஜூன் 18, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 9 ரன்னுக்கு 4 விக்கெட். கவாஸ்கர், ஸ்ரீகாந்த் இருவரும் டக், அதாவது ரன் எடுக்காமலே அவுட். அங்கே இறங்கிய கேப்டன் கபில் 138 பந்தில் 175 நாட் அவுட். பிரிக்கப்படாத 9-வது விக்கெட்டுக்கு கிர்மானியோடு 126. அதுவரை சாதனையாக இருந்த நியூசிலாந்து வீரர் க்ளென் டர்னரின் 171 முறிந்தது, உலக சாதனைதான். ஒருநாள் போட்டியில் இந்தியர் ஒருவரின் முதல் சதமும் அதுவே. வீடியோ பதிவுகூட இல்லாத ஆட்டம், கதைகள் பெருகாமல் இருக்குமா!

ஆனால் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 1984 மே 31-ல் வெஸ்ட் இண்டீஸின் விவியன் ரிச்சர்ட்ஸ் 189 அடித்தார். அப்புறம் 1997-ல் நம்ம சேப்பாக்கத்திலேயே பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194. இந்திய அளவில் மட்டும் கபிலின் சாதனை 1999 வரை நின்றது. கங்குலியின் 183 அதைத் தாண்டியது.

கிரிக்இன்ஃபோ தளத்தில் இந்த ஆட்டங்களின் ஸ்கோர்கார்டு எல்லாம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.