அந்த மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு மனுவை நீட்டினார்கள். எங்கள் வீடு சேலத்தில் அழகாபுரம் பக்கம். தெருமுனை ஓட்டு வீடு விலைபோய்விட்டது. வாங்கியவர் கீழே வண்டி நிறுத்தவும் மேலே நான்கு மாடியுமாக ஃப்ளாட் கட்டப் போகிறார். அதைத் தடுக்கத்தான் மனு.

"போடு கண்ணு, உன் வீட்டுத் தண்ணிக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன்" என்றார் சங்கத் தலைவர். சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். முதல் வரி தண்ணீர், அடுத்தது சாக்கடை. சரி என்று படித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது வரி: "வாடகைக்கு வரும் வெளியாட்களால் இப்பகுதியின் தரம் கெடும்." பேனாவை மூடிவிட்டேன். "இந்த வரியை எடுத்துட்டாப் போடறேன் மாமா" என்றேன். எடுக்க முடியாது என்றார்கள்.

அவர்கள் பயம் பொய்யில்லை. எங்கள் வீட்டில் இது மூன்றாவது போர்வெல், 800 அடி ஆழம். மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வரும் நாளில் அம்மா வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டார். போன ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் வாசல்படி தாண்டி உள்ளே வந்தது. அப்பத்தாவின் கட்டில் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்துத் தூக்கினோம். விடியும் வரை அவர் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு ஃப்ளாட்கூட இல்லையே! சேர்வராயன் மலையில் பெய்கிற மழை கன்னங்குறிச்சி, மூக்கனேரி, திருமணிமுத்தாறு என்று இறங்கிப் போக வேண்டிய ஊர் இது. வழியில் ஓடைகளை ஒடுக்கியது யார்? டயரில் சேறு படக்கூடாது என்று வாசலெல்லாம் சிமென்ட் போட்டது யார்? மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமானது. தெருவில் எத்தனை வீட்டுக் குழி இன்று தண்ணீரை உள்ளே விடுகிறது? எங்கள் வீட்டுக் குழியையும் சேர்த்தேதான் கேட்கிறேன். தனி வீடுகளாக இருந்தே இதைச் செய்திருக்கிறோம்.

இருபது மாடி வரும் என்றும் ஒரு பேச்சு. வராது. 18.3 மீட்டருக்கு மேல் போனால்தான் அது உயரமான கட்டடம் என்ற கணக்கில் வரும். அதற்குக் குறைந்தது 12 மீட்டர், அதாவது நாற்பது அடி ரோடு வேண்டும். எங்கள் தெரு முப்பது அடி. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்குக்கு எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு அது 1.5லிருந்து 2 ஆனது. ஐந்தரை சென்ட் இடம், ஏறத்தாழ 2400 சதுரடி. முன்பு 3600 சதுரடி கட்டலாம், இப்போது 4800. கூடுதலாகக் கிடைக்கிற 1200 சதுரடியில் ஒரு குடும்பம் தாராளமாக வாழும். அந்த ஒரு குடும்பத்தைத்தான் நாம் வேண்டாம் என்கிறோம்.

எங்கள் மாடியில் ஒரு நர்ஸ் பெண் குடியிருந்தார். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் மாடி எங்களுக்கே தேவைப்பட்டது. இந்தப் பகுதியில் அவர் சம்பளத்துக்கு ஏற்ற வீடு மூன்று மாதம் தேடியும் கிடைக்கவில்லை. இப்போது அயோத்தியாப்பட்டணம் தாண்டி இருக்கிறார். நைட் டியூட்டி முடிந்து, பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம். அவர் போகும்போதே பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்பியிருக்கும். மனுவில் சொல்லும் வெளியாள் இவர்தான். அப்பத்தாவுக்கு சுகர் ஏறியபோது ராத்திரி இரண்டு மணிக்கு மாடியிலிருந்து ஓடிவந்தவர்.

இவர்களையெல்லாம் உள்ளே விடாவிட்டால் ஊர் வளராமல் நின்றுவிடுமா என்ன? ஓமலூர் ரோட்டிலும் வாழப்பாடி ரோட்டிலும் போய்ப் பாருங்கள். போன வருடம் மாந்தோப்பாக இருந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல், கலர் கொடி, மனை விற்பனை போர்டு. மேலே போக விடாத ஊர் பக்கவாட்டில் போகும். தோப்பையும் ஏரிக்கரையையும் தின்றுகொண்டே போகும். மூக்கனேரியைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்களும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. விதியில் இருப்பதற்கு மேல் கட்ட, பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று பில்டர்கள் அரசுக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அந்தந்தத் தெருவின் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வர வேண்டும் என்று கேட்போம். வண்டி நிறுத்தக் காட்டிய இடத்தைக் கடையாக மாற்றினால் விடக்கூடாது. ஓடைப் புறம்போக்கை அளந்து கல் நடச் சொல்வோம், நம் காம்பவுண்டு சுவர் அதில் இருந்தாலும்.

இதையெல்லாம் எழுதி வேறொரு மனு தயார் செய்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். தெருமுனைக் கட்டடத்துக்கு எதிராக அதில் ஒரு வார்த்தை இல்லை. அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார், அப்பத்தா கைநாட்டு வைத்திருக்கிறார். நாளைக் காலை மாமா வாக்கிங் முடிந்து வரும்போது அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து கையில் கொடுக்கப் போகிறேன்.