கணக்கைத் தீர்க்காமல் விடமாட்டேன்

(மளிகைக் கடை. உளுந்து மூட்டைக்கு அருகில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் முக்காலியில் அமர்ந்திருக்கிறார்.)

அண்ணாச்சி: ஐயா, எதிர் மாடியில் குடியிருக்கும் தம்பி நேற்றிரவு அனுப்பிய இந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைத்து வியாபாரம் செய்கிறேன். பணம் தருவதாகச் சொல்கிறாரா, அடி தருவதாகச் சொல்கிறாரா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் (கைப்பேசியை வாங்கிப் படிக்கிறார்): “நீங்கள் எனக்குச் செய்ததை மறக்கவில்லை. வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவேன். ஒன்றாம் தேதி நேரில் வந்து உங்கள் கணக்கைத் தீர்க்காமல் விடமாட்டேன்.” அருமை! ஒற்றுப்பிழைகூட இல்லை.

அண்ணாச்சி: ஒற்று எங்கே மிகுந்தால் எனக்கென்ன ஐயா, எலும்பு மிஞ்சுமா என்று சொல்லுங்கள்.

ஆசிரியர்: பதறாதீர்கள். ‘செய்ததை’ என்கிறாரே, நீங்கள் அவருக்கு என்னதான் செய்தீர்கள்?

அண்ணாச்சி: அரிசி, பருப்பு, எண்ணெய் என்று நான்கு மாதமாகக் கடன் கொடுத்தேன், 4,860 ரூபாய் ஆகியிருக்கிறது. போன வாரம் அவருடைய மாமனார் நெய் வாங்க வந்திருந்தபோது, கணக்கு நோட்டை எடுத்து அந்தத் தொகையைக் கொஞ்சம் உரக்கக் கூட்டிப் பார்த்தேன்.

ஆசிரியர்: அப்படியானால் நீங்கள் செய்தவை இரண்டு. முதலாவதற்குத் திருப்பிச் செய்தால் அது கைம்மாறு. இரண்டாவதற்குத் திருப்பிச் செய்தால் அது பழிவாங்கல். தமிழில் கடனையும் தீர்க்கலாம், பழியையும் தீர்க்கலாம், வஞ்சத்தையும் தீர்க்கலாம். நீதிமன்றம் சொல்வது தீர்ப்பு, நிலத்துக்குக் கட்டுவது தீர்வை. மருந்து நோயைத் தீர்க்கிறது. அதே வினையோடு ஒரு ‘கட்டு’ சேர்ந்தால் ஆளே தீர்ந்துபோகிறான்.

அண்ணாச்சி: இவர் ‘கட்டு’ சேர்க்கவில்லையே!

ஆசிரியர்: சேர்க்கவில்லைதான். மேலும், “தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட்டு ஆகும்” என்கிறது தொல்காப்பியம். தீர்த்தல் என்றால் விடுதல். எனவே கவலையை விடுங்கள்.

அண்ணாச்சி: அவரோ ‘தீர்க்காமல் விடமாட்டேன்’ என்று எழுதியிருக்கிறார். உங்கள் தொல்காப்பியப்படி பார்த்தால் ‘விடாமல் விடமாட்டேன்’ என்றல்லவா ஆகிறது? விடுவாரா, விடமாட்டாரா?

ஆசிரியர் (சற்று யோசித்து): இலக்கணம் அந்த இடத்தில் கொஞ்சம் நெருக்கடியாகத்தான் இருக்கிறது.

அண்ணாச்சி: ‘கடனை அடைக்கிறேன்’ என்றாவது எழுதியிருக்கக் கூடாதா?

ஆசிரியர்: ஆளைப் பிடித்து அறையில் போடுவதும் அடைப்பதுதானே. ‘சரிக்கட்டுகிறேன்’ என்றிருந்தால் உங்களுக்கே ஏதோ லஞ்சம் கொடுக்கப் போகிறார் என்று ஊர் பேசும். அரபு வழியாக வந்த ‘பைசல்’ ஒன்றுதான் அரசு அலுவலகக் காகிதங்களில் புழங்கி அடங்கி ஒடுங்கிப்போன சொல். அதை எழுதியிருந்தால் நீங்கள் நிம்மதியாக உறங்கியிருக்கலாம்.

அண்ணாச்சி: இன்னொரு சந்தேகம், ஐயா. கடன் என்றால் கொடுத்துத் தீர்க்கிறோம். பழியை மட்டும் ஏன் ‘வாங்குகிறோம்’ என்று சொல்கிறோம்?

ஆசிரியர்: நமக்கு வந்துசேர வேண்டிய பாக்கியாக அதைப் பார்க்கிறோம் போலும்.

அண்ணாச்சி: என் கடையில் எல்லாவற்றையும் வாங்குகிறார்கள், கொடுப்பதில்தான் தகராறு. இவரும் வாங்கத்தான் வருகிறார் என்று தோன்றுகிறது.

ஆசிரியர்: வாங்கட்டுமே. பகைக்கும் ஒரு நாகரிகம் உண்டு என்று வள்ளுவர் 314ஆம் குறளில் காட்டுகிறார்: “இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்.” ஒறுத்தல் என்றால் தண்டித்தல். தீங்கு செய்தவன் வெட்கப்படும்படி அவனுக்கு நன்மை செய்வதே அவனுக்குத் தரும் தண்டனை.

அண்ணாச்சி: பொறுங்கள். மாமனார் முன்னால் தொகையைக் கூட்டியவன் நான். ஆகவே இன்னா செய்தவனும் நான். அவர் சிரித்த முகத்தோடு வந்து முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனால், அது கடன் தீர்த்ததா, என்னைத் தண்டித்ததா?

ஆசிரியர்: இரண்டும்தான். எனக்குத் தெரிந்த உரைகளில் மளிகைக் கடைக்காரரைப் பற்றி யாரும் யோசித்ததாக நினைவில்லை.

அண்ணாச்சி: அந்தத் தண்டனையை நான் மாதாமாதம் ஏற்கத் தயார். இப்போது பதில் எழுதித் தாருங்கள், சண்டைக்கு இடம் கொடுக்காமல்.

ஆசிரியர்: “தம்பி, உங்கள் வருகைக்காக எல்லா ஏற்பாடுகளுடனும் காத்திருக்கிறேன்” என்று எழுதலாமா?

அண்ணாச்சி: ஐயா! நான் ஆள் சேர்த்து வைத்திருப்பதாக அல்லவா நினைப்பார்?

ஆசிரியர்: “வாருங்கள், உங்களைச் சும்மா அனுப்ப மாட்டேன், காப்பி தருவேன்” என்றால்?

அண்ணாச்சி: காப்பிவரை படிப்பதற்குள் காவல் நிலையத்துக்குப் போய்விடுவார். எழுத்தே வேண்டாம், கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைப் படமெடுத்து அனுப்புகிறேன், அதற்கு இரண்டு பொருள் கிடையாது. (படமெடுத்து அனுப்புகிறார். சற்று நேரத்தில் கைப்பேசி ஒலிக்கிறது.) பதில் வந்துவிட்டது, நீங்களே படியுங்கள்.

ஆசிரியர்: “இதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்குக் கொடுக்க வேண்டியதை நேரில், என் கையாலேயே கொடுத்தால்தான் என் மனம் ஆறும். மாமனாரும் உடன் வருகிறார்.”

அண்ணாச்சி: என்ன பொருள், ஐயா?

ஆசிரியர் (முக்காலியிலிருந்து எழுந்து): அண்ணாச்சி, ஒன்றாம் தேதி கடைக்கு விடுமுறை விட்டால் என்ன?